அச்சின் கதை: பழைய வண்டியை வெட்டும் முன்



சென்ற பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தையார் வீட்டிற்கு வந்திருந்தார். கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு குறிப்பேடு. மகனுக்குத் தெரியாமல் எடுத்து வந்தாராம்.

"சார், நல்லா ஓடுற வண்டிய வெட்டப் போறேன்னு நிக்கிறான். நான் சொல்லி கேக்கல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுடுவான்" என்றார்.

அந்த மாணவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆறாம் ஆண்டில் கணிதத் தாளைப் பாதி வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தவன். பின்னர்த் தொழிற்பயிற்சி முடித்து, இன்று ஒரு வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். சேமிப்பைத் திரட்டி, 1990ஆம் ஆண்டில் செய்யப்பட்ட டொயோட்டா சர்ஃப் என்னும் நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பை அறுத்தெடுத்துவிட்டு, அவ்விடத்தில் பழைய ஹைலக்ஸ் வண்டியின் முழு அச்சைப் பூட்டுவது அவனுடைய திட்டம். பட்டறைகளில் இதைச் 'சாலிட் ஆக்சல்' மாற்றம் என்கிறார்கள்.

"படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணே" என்று குறிப்பேட்டை வாங்கி வைத்தேன். அன்றிரவு அதைத் திறந்தவன் நெடுநேரம் மூடவில்லை. அளவுகள், விகிதங்கள், கோணங்கள், படங்கள். ஆறாம் ஆண்டில் வெறுமையாக விடப்பட்ட தாள்களுக்கெல்லாம் விடை இதில் இருப்பதுபோல் தோன்றியது. ஆனால் எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. முழு அச்சு நல்லது என்றால் அதை ஏன் கைவிட்டார்கள்? கைவிட்டது சரி என்றால் இவன் ஏன் அதற்குத் திரும்புகிறான்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். ஆசிரியர்களுக்கும் பெற்றோர்க்கும் இதில் பயன் உண்டு என்பது என் நம்பிக்கை.

அச்சு என்னும் பழஞ்சொல்

அச்சு நமக்குப் புதிய சொல்லன்று. மாட்டு வண்டியில் இரு சக்கரங்களையும் இணைத்து நிற்கும் குறுக்குத் தண்டு அது. சக்கரம் கழன்று போகாமல் காப்பது அச்சாணி. வள்ளுவர் இரண்டையும் பாடியிருக்கிறார். மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் சொல்கிறார். பெரிய தேருக்கும் சிறிய அச்சாணியே ஆதாரம் என்பதை வினைத்திட்பம் அதிகாரத்தில் சொல்கிறார். வகுப்பில் இவற்றைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் உண்மையான அச்சு ஒன்றன் முன் குனிந்து பார்த்தது இந்த விடுமுறையில்தான்.

முழு அச்சு என்பது அந்த மாட்டு வண்டி அச்சின் நேர் வாரிசு. இடச் சக்கரத்திலிருந்து வலச் சக்கரம் வரை ஒரே உறுதியான இரும்புக் கூடு. ஒரு சக்கரம் கல்லின் மீது ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சிறுவர் பூங்காவில் உள்ள ஏற்ற இறக்கப் பலகையை எண்ணிப் பாருங்கள். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே அழுந்தும். காட்டுப் பாதையில் இது பெரும் நன்மை. மேட்டில் ஏறும் சக்கரம் தன் இணையைப் பள்ளத்தை நோக்கி அழுத்துகிறது. நான்கு சக்கரங்களும் மண்ணைப் பற்றி நிற்க இது துணை செய்கிறது.

திரும்பும் சக்கரத்திற்கு விசை தருவது எப்படி?

பின் அச்சுக்கு விசை தருவது எளிது. அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் விசையை இரண்டாகப் பிரித்து இரு பக்கமும் அனுப்பும். முன் அச்சில்தான் சிக்கல். முன்சக்கரங்கள் இடமும் வலமும் திரும்ப வேண்டும். திரும்பிக்கொண்டே சுழலும் சக்கரத்திற்குள் விசையை எப்படிக் கொண்டு செல்வது?

1903ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ஸ்பைக்கர் நிறுவனம் நான்கு சக்கரங்களும் இயங்கும் ஆறு சிலிண்டர் மகிழுந்து ஒன்றைச் செய்து காட்டியது. ஆனால் அது பந்தய வண்டி. உழைக்கும் வண்டிக்கு ஏற்ற விடை அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் பிறந்தது. அங்கே ஓட்டோ ஸாக்கோ, வில்லியம் பெசர்டிச் ஆகிய இருவரும் ஓர் இயந்திரப் பட்டறை நடத்தி வந்தனர். அச்சின் முனையில் ஓர் உருண்டைக் கூடு. அதற்குள் வளைந்து சுழலும் மூட்டு. இந்த அமைப்புக்கு 1908இல் காப்புரிமை கிடைத்தது. இதை அடிப்படையாகக் கொண்டு உருவான நிறுவனத்தின் லோரிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் ஓடின.

என் மாணவன் பூட்டப் பார்க்கும் ஹைலக்ஸ் அச்சின் இரு முனைகளிலும் அதே போன்ற உருண்டைக் கூடுகள் உள்ளன. அவற்றிற்குள் இருக்கும் மூட்டு இன்னும் மேம்பட்டது. ஆல்ஃபிரட் ரெப்பா என்னும் பொறியாளர் 1920களில் வடிவமைத்த, ஆறு குண்டுகள் கொண்ட சீர்வேக மூட்டின் வழிவந்தது அது. சக்கரம் எந்தக் கோணத்தில் திரும்பியிருந்தாலும் வேகம் ஏறி இறங்காமல் சுழலச் செய்வதால் அதற்கு அந்தப் பெயர். பட்டறைகளில் அதைப் 'பிர்ஃபீல்ட்' என்கிறார்கள்.

போர் தந்த சிறு வண்டி

முழு அச்சை உலகெங்கும் கொண்டு சென்றது ஜீப். 1940ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்க இராணுவம் இலகுவான நான்கு சக்கர இயக்க வண்டி ஒன்றைக் கேட்டு 135 நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. முதல் மாதிரி வண்டிக்குத் தரப்பட்ட காலம் 49 நாள். பேன்டம் என்னும் சிறு நிறுவனம் செப்டம்பர் 23ஆம் நாள் அதைக் கொண்டு வந்து நிறுத்தியது. பின்னர் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் போர் முடியும்வரை ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. முன்னும் பின்னும் முழு அச்சு. அவற்றின் மேல் அடுக்கடுக்கான வில்பட்டைகள். நம் முன்னோர் வில் வண்டி என்று ஒன்றை ஓட்டினார்களே, அதே கொள்கைதான்.

போருக்குப் பின் இங்கிலாந்தின் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மொரிஸ் வில்க்ஸ் தம் ஆங்கிள்சி தீவுப் பண்ணையில் ஒரு ஜீப்பைப் பயன்படுத்தி வந்தார். அதைப் பார்த்தே லேண்ட் ரோவர் பிறந்தது. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளியிடப்பட்டது. எஃகுத் தட்டுப்பாட்டினால் அதன் உடல் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. ஆனால் அச்சுகள் ஜீப்பைப் போன்றவையே. ஜப்பானில் டொயோட்டாவும் 1951இல் இதே அமைப்பில் ஒரு வண்டியைச் செய்தது. அவ்வாண்டே அது ஃபுஜி மலையின் ஆறாவது நிலை வரை ஏறிக் காட்டியது. 1954இல் அதற்கு லேண்ட் குரூசர் என்று பெயரிட்டனர்.

நம் நாட்டுத் தோட்டங்களிலும் கேமரன் மலையிலும் ஓடிய, இன்றும் ஓடுகின்ற பழைய லேண்ட் ரோவர்கள் இந்த வழிவந்தவையே. செம்மண் பாதையில் உடைந்தால் அங்கேயே கழற்றி அங்கேயே பூட்டலாம். அவை நிலைத்ததற்கு இந்த எளிமை ஒரு பெருங்காரணம்.

நடுங்கிய முன்சக்கரங்கள்

இவ்வளவு நல்ல அச்சை ஏன் கைவிட்டார்கள்?

இதற்கு விடை காட்டில் இல்லை. நகரச் சாலையில் இருக்கிறது. 1920களில் மகிழுந்துகளின் வேகம் கூடியது. சக்கரங்கள் பருத்தன. அப்போது ஒரு கொடிய நோய் தலைகாட்டியது. குறிப்பிட்ட வேகத்தில் ஒரு சிறு குழியில் விழுந்தாலும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் ஆடத் தொடங்கின. ஓட்டுநரால் சுக்கானைப் பிடித்து வைக்க முடியாது.

இதன் காரணத்தை வகுப்பறையில் ஒரு மிதிவண்டிச் சக்கரத்தைக் கொண்டு காட்டலாம். சக்கரத்தின் அச்சை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதை வேகமாகச் சுழற்றச் சொல்லுங்கள். பிறகு ஒரு கையை உயர்த்தி அதைச் சாய்க்கப் பாருங்கள். சக்கரம் நீங்கள் சாய்த்த திசையில் மட்டும் போகாது. பக்கவாட்டில் திரும்ப முயலும். சுழலும் பம்பரத்திற்கும் இதே குணம் உண்டு. முழு அச்சில் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் இரண்டு சக்கரங்களும் சாய்கின்றன. சாய்ந்தவை திரும்ப முயல்கின்றன. திரும்பியவை மீண்டும் சாய்கின்றன. ஒன்றையொன்று தூண்டி ஆட்டம் வளர்கிறது.

ரோல்ஸ் ராய்ஸிலிருந்து அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனத்திற்குச் சென்ற மொரிஸ் ஒல்லி என்னும் பொறியாளர் இந்தச் சிக்கலை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். அச்சை இரண்டாகப் பிரித்து, சக்கரங்களை ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே ஏறி இறங்கவிட்டால் இந்த ஆட்டத்தின் வேர் அறுபடும். 1934ஆம் ஆண்டு மாதிரிகளில் ஜெனரல் மோட்டர்ஸ் தன் மகிழுந்துகளுக்குத் தனித்தொங்கல் முன் அமைப்பைக் கொண்டு வந்தது. இதனால் பயணம் மென்மையாயிற்று. வில்லின் கீழ்த் தொங்கும் இரும்பின் எடை குறைந்ததால் சக்கரம் சாலையை நன்கு பற்றியது.

ஆகவே முழு அச்சைப் பொறியாளர்கள் கைவிட்டது வெறும் சொகுசுக்காக அன்று, உயிர்க் காப்புக்காகவும்தான். என் மாணவனின் குறிப்பேட்டில் எங்கும் இந்த 1934ஆம் ஆண்டு இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

ஒரே நிறுவனம், இரண்டு விடைகள்

நான்கு சக்கர இயக்க வண்டிகள் மட்டும் நெடுங்காலம் பழைய வழியிலேயே சென்றன. அவற்றை வேகமாக ஓட்டுபவர் அரிது. ஆனால் 1970களிலும் 1980களிலும் இவற்றைக் குடும்ப வண்டியாக வாங்குவோர் பெருகினர். 1982இல் வந்த மிட்சுபிஷி பஜேரோ முன்பக்கம் தனித்தொங்கல் கொண்டிருந்தது.

டொயோட்டாவின் கதை இன்னும் சுவையானது. நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ் 1979இல் வந்தபோது அதன் முன்பக்கம் முழு அச்சு. அமெரிக்கச் சந்தையில் 1985ஆம் ஆண்டு மாதிரி வரை அதுவே இருந்தது. 1986ஆம் ஆண்டு மாதிரியில் தனித்தொங்கல் வந்தது. ஆனால் அதே நிறுவனம் ஆஸ்திரேலியா போன்ற வேறு சந்தைகளில் 1997 வரை முழு அச்சு பூட்டிய ஹைலக்ஸையும் விற்றது. நெடுஞ்சாலையில் பயணிப்பவருக்கு ஒன்று, பண்ணையிலும் சுரங்கத்திலும் உழைப்பவருக்கு மற்றொன்று. லேண்ட் குரூசரிலும் இதே நிலைதான். 1998இல் வந்த 100 வரிசைக்குத் தனித்தொங்கல். அதன் உடன்பிறப்பான 105 வரிசைக்கு முழு அச்சு.

தனித்தொங்கல் என்றாலே வலுவற்றது என்று எண்ணிவிடவும் கூடாது. 1983இல் ஒப்பந்தமான அமெரிக்க இராணுவத்தின் ஹம்வீ நான்கு சக்கரங்களிலும் தனித்தொங்கல் கொண்டது. அதன் அடிவயிறு தரையிலிருந்து 16 அங்குலம் உயர்ந்து நிற்கும். மறுபுறம், 2018இல் புதிதாக வந்த சுசுக்கி ஜிம்னியும் அவ்வாண்டின் புதிய ஜீப் ரேங்லரும் முன்னும் பின்னும் முழு அச்சையே வைத்துக்கொண்டன. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 2016ஆம் ஆண்டு ஜனவரி 29இல் உற்பத்தி நிற்கும்வரை முழு அச்சுடன் இருந்தது. 2019இல் அறிமுகமான புதிய டிஃபெண்டர் அதை விட்டுவிட்டது.

இதிலிருந்து நான் தெளிந்தது இதுதான். பழையது ஒரு கேள்விக்கு விடை. புதியது வேறொரு கேள்விக்கு விடை. ஒன்று மற்றொன்றை வென்றுவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

திரும்பிச் செல்வோரின் கணக்கு

அமெரிக்காவில் 1986க்குப் பிந்திய டொயோட்டா வண்டிகளை வைத்திருந்தோரில் பலர், பாறை ஏறும் விளையாட்டிற்காக 1985க்கு முந்திய முன் அச்சைத் தேடிப் பூட்டத் தொடங்கினர். அவர்கள் கற்ற பாடங்களே என் மாணவனின் குறிப்பேட்டின் பெரும்பகுதி. அவற்றுள் நான் விளங்கிக்கொண்டதைச் சுருக்கமாகத் தருகிறேன்.

முதலாவது அகலம். அந்தப் பழைய முன் அச்சு, புதிய வண்டியின் பின் அச்சைவிட ஏறத்தாழ 3 அங்குலம் குறுகியது. அப்படியே பூட்டினால் முன்சக்கரங்கள் இருபுறமும் ஒன்றரை அங்குலம் உள்ளடங்கி நிற்கும். இடைத்தட்டு வைத்தோ சக்கரக் குடத்தை மாற்றியோ அதைச் சரிசெய்ய வேண்டும்.

இரண்டாவது விகிதம். முன் அச்சின் பல்சக்கர விகிதம் 4.10 என்றும் பின் அச்சின் விகிதம் 4.56 என்றும் வைத்துக்கொள்வோம். சக்கரம் ஒருமுறை சுழல முன்தண்டு 4.10 முறையும் பின்தண்டு 4.56 முறையும் சுழல வேண்டும். ஆனால் நான்கு சக்கர இயக்கத்தில் இரு தண்டுகளும் ஒரே வேகத்தில் பிணைக்கப்பட்டிருக்கும். கெட்டியான தரையில் இரண்டும் மல்லுக்கட்டி ஏதேனும் ஒன்று உடையும். ஆகவே இரண்டையும் ஒன்றாக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. விகிதப் பாடத்தை நடத்த இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

மூன்றாவது பக்கம். விசையைப் பிரித்தனுப்பும் பெட்டியிலிருந்து முன்தண்டு எந்தப் பக்கம் வெளிவருகிறதோ, அச்சின் டிஃபரன்ஷியலும் அந்தப் பக்கமே இருக்க வேண்டும். தண்டின் நீளமும் புதிதாக அளக்கப்பட வேண்டும்.

நான்காவது கோணங்கள். இதுவே மிகக் கடினம். சக்கரம் திரும்பும் அச்சாணிக்கோடு சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இதைக் காஸ்டர் கோணம் என்பர். சுக்கான் தானே நேர்நிலைக்குத் திரும்புவது இதனால்தான். ஆனால் வண்டியை உயர்த்திப் பூட்டும்போது முன்தண்டு செங்குத்தாகச் சரிகிறது. அதன் மூட்டு வதைபடாமல் இருக்க அச்சைச் சற்று மேல்நோக்கித் திருப்பத் தோன்றும். அப்படித் திருப்பினால் காஸ்டர் குறைந்துபோகும். ஒன்றைக் காக்கப் போய் மற்றொன்றை இழக்கிறோம். இரண்டும் வேண்டுமென்றால் அச்சின் இரு முனைகளிலுமுள்ள உருண்டைக் கூடுகளை வெட்டித் திருப்பி மீண்டும் பற்றவைக்க வேண்டும். அது கை தேர்ந்தவர் செய்யும் வேலை.

ஐந்தாவது சுக்கான். பழைய அமைப்பில் சுக்கான் கோல் முன்பின்னாகத் தள்ளி இழுக்கும். வில்பட்டை நீளும்போது அச்சும் முன்பின்னாக நகர்வதால், ஓட்டுநர் திருப்பாமலே வண்டி திரும்பப் பார்க்கும். அமெரிக்காவில் இதற்குக் கண்ட தீர்வு, கோலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் குறுக்காக அமைப்பது. அதற்கு, கழற்றியெறிய இருந்த தனித்தொங்கல் வண்டியின் சுக்கான் பெட்டியையே இடம் மாற்றிப் பயன்படுத்தினர்.

இவற்றோடு பிரேக் குழாய்களின் நீளம், சக்கரம் உரசாமல் தடுக்கும் கட்டைகள், சட்டகத்தில் பற்றவைப்பின் உறுதி என்று பட்டியல் நீள்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் நாட்டில் வண்டியின் அமைப்பை இவ்வாறு மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் தேவை. அனுமதியின்றி மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதியும் கைவிரிக்கக்கூடும். குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் இதை எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருந்தான்.

தந்தை சொன்ன சாட்சியம்

மறுநாள் மாலை அவர்கள் வீட்டிற்குச் சென்றேன். குறிப்பேடு என்னிடம் வந்த கதையைத் தந்தையார் முன்பே மகனிடம் சொல்லிவிட்டிருந்தார். முகம் சற்று இறுகியிருந்தாலும் "வாங்க சார்" என்று நாற்காலி போட்டான். பின்கட்டில், இரு மரக்கட்டைகளின் மேல் அந்தப் பழைய அச்சு கிடந்தது.

நான் அறிவுரை எதுவும் கூறவில்லை. முந்திய இரவு படித்ததைச் சொன்னேன். ஸாக்கோவின் உருண்டைக் கூட்டைப் பற்றிச் சொன்னபோது அவன் கண்கள் விரிந்தன. 1934ஐப் பற்றியும் முன்சக்கரங்களின் ஆட்டத்தைப் பற்றியும் சொன்னபோது, அதுவரை வாசலில் நின்ற தந்தையார் உள்ளே வந்தார்.

"இது எனக்கு நடந்திருக்கு சார்" என்றார்.

அவர் தோட்டத்தில் ஓட்டுநராக இருந்தவர். நிர்வாகத்தின் பழைய நான்கு சக்கர வண்டியில் ஒருநாள் மலைச்சரிவில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் மூன்று தொழிலாளர்கள். ஒரு குழியில் முன்சக்கரம் விழுந்து எழுந்ததும் சுக்கான் கைகளிலிருந்து பறிப்பதுபோல் ஆடத் தொடங்கியது. பிரேக்கை மெல்ல மெல்ல அழுத்தி, மேட்டுப் பக்கமாக வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது முன் அச்சின் உருண்டைக் கூட்டுத் தாங்கிகள் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தனவாம். கோல்முனைகளும் தளர்ந்திருந்தனவாம்.

"அந்த மூணு பேரும் இறங்கி நடந்தே போனாங்க. நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல. அதே அச்சத்தான் இவன் தேடிப் பிடிச்சு வாங்கி வந்திருக்கான்."

அவர் என்னிடம் வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பணத்தைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் அவர் கவலைப்பட்டார் என்றே நினைத்திருந்தேன். இத்தனை ஆண்டுகளாக மகனிடம் சொல்லாமல் வைத்திருந்த ஓர் அச்சமே அவரை என் வாசலுக்குக் கொண்டு வந்திருக்கிறது.

மகன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு என் கையிலிருந்த குறிப்பேட்டை வாங்கினான். "எந்த வேகத்துல ஆச்சுப்பா? இறக்கத்துலயா, சமதரையிலயா? பெரிய டயர் போட்டிருந்தாங்களா?" என்று கேட்டு ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டான். வண்டியைப் பற்றி அவன் தம்மிடம் கேட்ட முதல் கேள்விகள் அவையே என்று தந்தையார் பின்னர் என்னிடம் சொன்னார்.

வெற்றுப் பக்கம்

புறப்படும் முன் நான் ஒன்றை மட்டும் சுட்டிக்காட்டினேன். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "எதற்கு?" என்று தலைப்பிட்டிருந்தான். கீழே ஒன்றும் எழுதவில்லை. "தம்பி, இந்தப் பக்கத்தை நிரப்பாமல் மற்ற பக்கங்களுக்கு மதிப்பெண் போட முடியாது" என்றேன். சிரித்தான்.

மூன்று வாரங்களுக்குப் பின் அவனே அழைத்தான். சென்ற ஆண்டில் வண்டி ஓடிய நாள்களைக் கணக்கிட்டிருந்தான். காட்டுப் பாதையில் 14 நாள். ஏனைய நாள்களெல்லாம் வேலைக்குப் போய் வரும் நெடுஞ்சாலை. இந்த இரண்டு எண்களையும் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறானாம்.

திட்டத்தை அவன் கைவிடவில்லை. ஆனால் வரிசையை மாற்றிவிட்டான். முதலில் அனுமதிக்கான விவரங்களைக் கேட்டறிவது. அடுத்து அச்சைப் பிரித்து, தாங்கிகள், கோல்முனைகள், எண்ணெய்த் தடுப்பான்கள் அனைத்தையும் புதிதாக்குவது. காஸ்டர் கோணத்தைத் தாளில் தீர்க்காமல் பற்றவைப்புக் கருவியைத் தொடுவதில்லை. இவை எல்லாம் முடிந்த பிறகும் நெடுஞ்சாலை நாள்களுக்கு இந்த வண்டிதானா, வேறொரு சிறு வண்டியா என்று முடிவு செய்த பின்னரே சட்டகத்தில் கை வைப்பது. அதுவரை வண்டி இப்போதுள்ளபடியே ஓடும்.

சட்டகத்தை வெட்டும் நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. சனிக்கிழமை மாலைகளில் தந்தையும் மகனும் பின்கட்டில் அமர்ந்து அந்தப் பழைய அச்சைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். எந்தத் தாங்கி முதலில் தேயும் என்று தந்தையார் விரலால் தொட்டுக் காட்டுகிறாராம்.

பெற்றோர் நம்மிடம் வந்து "ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்று கேட்கும்போது, பெரும்பாலும் "வேண்டாம்" என்னும் வார்த்தையையே எதிர்பார்க்கிறார்கள். நானும் பல ஆண்டுகள் அதையே சொல்லி வந்திருக்கிறேன். இந்த முறை அதற்குப் பதிலாக ஒரு வரலாற்றைத் தேடிப் படிக்க நேர்ந்தது. ஒன்றை அகற்றும் முன் அது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று கேட்க வேண்டும். ஒரு பழையதை மீட்டெடுக்கும் முன் அது ஏன் அகற்றப்பட்டது என்றும் கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் கேட்கத் தெரிந்த பிள்ளை, ஆறாம் ஆண்டுக் கணிதத் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கியிருந்தாலும், கற்றவனே.

அந்தக் கணிதத் தாளைத் திருத்தியவன் நான்தான். அதன் மேல் எழுதிய சொல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதை இங்கு எழுத மனம் வரவில்லை.